மெனு ஸ்கிரிப்டில் கன்ட்ரோல்-சி: விடுவதா, தடுப்பதா, பிடிப்பதா?

ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) ஸ்கிரிப்டில் மெனு எழுதத் தொடங்கியவர்கள் பலர் சில நாட்களிலேயே ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். திரும்பத் திரும்ப ஓடும் வொயில் மடக்குக்குள், விடையை வாசிக்கும் ரீட், அதற்கேற்ற வேலையைத் தேரும் கேஸ் இரண்டையும் வைத்து மெனு அமைத்தாயிற்று. எண்களைக் கொடுத்தால் வேலைகள் சரியாக நடக்கின்றன. ஆனால் யாராவது கன்ட்ரோல்-சி அழுத்தினால் மெனு முழுவதும் சரிந்து வெறும் ஷெல் வந்துவிடுகிறது. இதற்குத் தீர்வு கேட்டால் ஒருவர் அந்த விசையால் நிரலுக்கு வரும் சிக்னலை, அதாவது குறுக்கீட்டு அறிவிப்பை, புறக்கணிக்கச் சொல்கிறார், இன்னொருவர் அதைக் கையாளும் செயற்கூறு எழுதச் சொல்கிறார், மூன்றாமவர் முனையத்தின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையால் விசையையே செயலிழக்கச் செய்யச் சொல்கிறார். மூன்றுமே இயங்கும் என்பதால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் தீராமல் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தின் வேர், கேள்வியில் இரண்டு வெவ்வேறு தருணங்கள் ஒன்றாகக் கலந்திருப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மெனு பயனருடைய தேர்வுக்காகக் காத்திருக்கும் தருணம் ஒன்று. தேர்ந்தெடுத்த வேலை ஓடிக்கொண்டிருக்கும் தருணம் மற்றொன்று. முதலாவதில் கன்ட்ரோல்-சி அழுத்துகிறவர் தட்டச்சு செய்ததைக் கைவிட நினைக்கிறார், அல்லது வெளியேற நினைக்கிறார். இரண்டாவதில் அவர் அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்திவிட்டு மெனுவுக்குத் திரும்ப நினைக்கிறார். இரண்டுக்கும் ஒரே அமைப்பைப் பூட்டும் எந்த வழியும் இரண்டில் ஒன்றில் தவறிவிடும்.

## விசையை அழுத்தினால் நடப்பது என்ன

கன்ட்ரோல்-சியை முதலில் பார்ப்பது ஷெல் இல்லை. இயங்குதளத்தின் முனைய இயக்கி. அது அந்த விசையைக் கண்டதும், அதுவரை தட்டச்சு செய்யப்பட்டு இன்னும் வாசிக்கப்படாத எழுத்துகளை இயல்பாகத் தூக்கி எறிந்துவிட்டு, முனையத்தின் முன்னணியில் இருக்கும் செயல்முறைக் குழு முழுவதற்கும் சிகின்ட் என்னும் 2ஆம் எண் சிக்னலை அனுப்புகிறது. ஆகவே மெனு ஸ்கிரிப்ட், அது அழைத்த டார் அல்லது ஆர்சிங்க் போன்ற நகலெடுக்கும் கட்டளை, இடையில் குழாய்த்தொடரில் இருக்கும் கிரெப் என்னும் தேடல் கட்டளை என எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அது போய்ச் சேர்கிறது. ஸ்கிரிப்டைக் காப்பாற்றிவிட்டோம் என்பதால் வேலை காப்பாற்றப்பட்டதாகிவிடாது. வேலை நின்றது என்பதால் ஸ்கிரிப்டும் நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பரவலாகப் பயன்படும் ஷெல்லான பாஷ் இதில் ஒரு நிதானத்தைக் கடைப்பிடிக்கிறது. முன்னணியில் ஒரு வெளிக்கட்டளை ஓடும்போது சிக்னல் வந்தால், அந்தக் கட்டளை முடியும்வரை அது பொறுத்திருக்கிறது. கட்டளை சிக்னலால் இறந்திருந்தால் ஸ்கிரிப்டும் இறக்கிறது. கட்டளை சிக்னலைத் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டு பின்பு இயல்பாக முடிந்திருந்தால் ஸ்கிரிப்ட் தொடர்கிறது. மெனுவிலிருந்து திறந்த, சிக்னலைத் தானே பிடித்துக்கொள்ளும் நிரலுக்குள் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் மெனு பிழைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

மெனு காத்திருக்கும்போது விசை என்ன செய்கிறது, வேலை ஓடும்போது அந்த வேலையை மட்டும் நிறுத்த முடிகிறதா என்பவை முதல் இரண்டு அளவுகோல்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: பல படிகள் கொண்ட வேலையின் முதல் படியில் குறுக்கிட்டால் மீதிப் படிகள் ஓடுமா, ஓடாதா? நான்காவது, தற்காலிகக் கோப்புகளும் முனையத்தின் நிலையும் ஒழுங்காக மீள்கின்றனவா என்பது. பாஷில் சரியாக நடப்பது இன்னொரு ஷெல்லான டாஷிலும் நடக்குமா என்பது ஐந்தாவது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மெனுவைப் பயன்படுத்துகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்; எழுதியவரே பயன்படுத்தும் மெனுவுக்கும் ஷெல் அனுமதி இல்லாத பயனருக்குக் கொடுக்கும் மெனுவுக்கும் ஒரே விடை பொருந்தாது.

## ஒன்றும் செய்யாமல் விடுதல்

மெனு சிறியது, அதில் உள்ள வேலைகள் தகவலைக் காட்டுவதோடு முடிகின்றன, எழுதியவரே அதைப் பயன்படுத்துகிறார் என்றால் எதுவும் செய்யாமல் விடுவதே நல்லது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிரல் நிற்கும் என்பது எல்லோரும் பழகிய மரபு. காரணமில்லாமல் அதை முறிப்பது பயனருக்கு எரிச்சலைத்தான் தரும். ஸ்கிரிப்ட் 130 என்ற எண்ணோடு முடிந்ததாக ஷெல் காட்டும். சிக்னலால் இறந்தது என்பதற்கான 128உடன் சிக்னல் எண் 2ஐக் கூட்டி வருவது அது.

மறைசெலவு தற்காலிகக் கோப்புகளில் இருக்கிறது. ட்ராப் என்பது ஒரு சிக்னல் வந்தாலோ ஸ்கிரிப்ட் முடிந்தாலோ என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டளை; முடிவைக் குறிக்கும் எக்சிட் என்னும் பெயருக்கு அதை வைத்துத் துப்புரவை எழுதியிருந்தால், சிகின்டால் இறக்கும்போதும் பாஷ் அதை ஓட்டிவிடுகிறது, டாஷ் ஓட்டுவதில்லை. தன் கணினியில் பாஷ் கொண்டு சோதித்துவிட்டு, ஸ்கிரிப்டின் முதல் வரியில் எஸ்எச் என்று எழுதி, எஸ்எச் என்பது டாஷாக இருக்கும் உபுண்டு அல்லது டெபியன் கணினிக்கு அனுப்புகிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

## முற்றிலும் புறக்கணித்தல்

ட்ராப் '' இன்ட் என்ற ஒரே வரி. இன்ட் என்பது சிகின்டின் முன்னொட்டு இல்லாத பெயர். ட்ராப் கட்டளையின் முதல் உறுப்பாக வெற்றுச் சரத்தைக் கொடுத்தால் சிக்னல் புறக்கணிக்கப்படும். எளிமையாக இருப்பதால் அதிகம் பரிந்துரைக்கப்படுவது இதுதான். நான் அதிகம் தயங்குவதும் இதைக் கண்டுதான்.

புறக்கணிப்பு என்பது மரபுரிமையாகக் கீழே இறங்கும் தன்மை உடையது. ஸ்கிரிப்ட் புறக்கணிக்கும் சிக்னலை, அது அழைக்கும் கட்டளைகளும் புறக்கணித்த நிலையிலேயே தொடங்குகின்றன. மெனுவில் பதிவுக்கோப்பைப் பார்க்கும் ஒரு தேர்வு இருந்து, அது டெயில் கட்டளையைத் தொடர்ந்து காட்டும் விருப்பத்தோடு ஓட்டினால், பயனர் கன்ட்ரோல்-சியை எத்தனை முறை அழுத்தினாலும் அது நிற்காது. பிங் போன்று தனக்கென்று கையாளியை, அதாவது சிக்னல் வந்தால் ஓடும் செயற்கூறை, நிறுவிக்கொள்ளும் நிரல்கள் மட்டும் விடுபடும். பைத்தான் நிரல்கூட, தொடங்கும்போதே சிகின்ட் புறக்கணிக்கப்பட்டிருப்பதைக் கண்டால், தன் வழக்கமான கையாளியை நிறுவாமல் விட்டுவிடுகிறது. இன்னொரு ஷெல் ஸ்கிரிப்டை அழைத்தால் நிலைமை மேலும் மோசம்: தொடக்கத்திலேயே புறக்கணிக்கப்பட்டிருந்த சிக்னலை ஊடாடாத ஷெல்லால் (ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லால்) பிடிக்கவும் முடியாது, பழைய நிலைக்கு மீட்கவும் முடியாது என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் விதி. அந்த ஸ்கிரிப்டுக்குள் ட்ராப் என்று எதை எழுதினாலும் பயன் இல்லை, பிழைச்செய்தியும் வராது.

இதில் நான் ஒருமுறை சிக்கியதைச் சொல்ல வேண்டும். சிகின்டைப் புறக்கணித்து எழுதியிருந்த ஒரு மெனுவைச் சோதிப்பதற்காக, எக்கோ கட்டளையிலிருந்து குழாய் வழியாக ஒரு தேர்வு எண்ணை அதற்குள் அனுப்பினேன். எண் வாசிக்கப்பட்டதும் உள்ளீடு தீர்ந்தது. ரீட் ஒவ்வொரு முறையும் தோல்வியோடு உடனே திரும்பியது. அந்தத் தோல்வியை நான் சரிபார்க்காததால் மடக்கு நில்லாமல் சுழன்று திரையை மெனுவால் நிரப்பியது. நிறுத்தக் கை தானாகப் போன விசையை நானே செயலிழக்க வைத்திருந்தேன். இன்னொரு முனையத்தைத் திறந்து கில் கட்டளையால்தான் அதை முடிக்க முடிந்தது. முனையத் தொடர்பு அறுபடும்போது வரும் சிக்ஹப்பையும் சேர்த்துப் புறக்கணித்தவர்களுக்கு இதே விபத்து கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்: பயனர் போன பின்பும் மெனு பின்னால் சுழன்று செயலியைத் தின்றுகொண்டிருக்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ரீட் தோற்றால் மடக்கை விட்டு வெளியேறும் ஒரு சொல்லை எழுதிவிடுங்கள்.

ஆனாலும் புறக்கணிப்புக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அமைப்புக் கோப்பைப் பெயர் மாற்றி அதன் இடத்தில் புதியதை வைக்கும் இரண்டு வரிகளைப் போல, நடுவில் நின்றால் கேடு விளையும் மிகச் சிறிய பகுதிக்கு முன்பு வைத்து, அது முடிந்ததும் விலக்கிவிடலாம். அங்கே மரபுரிமைத் தன்மையே துணையாகிறது. அழைக்கப்படும் எம்வி (பெயர் மாற்றும் கட்டளை), ஆர்எம் (அழிக்கும் கட்டளை) ஆகியவையும் குறுக்கீட்டிலிருந்து தப்பிக்கும்.

## பிடித்துக் கையாளுதல்

வெற்று மேற்கோளுக்குள் ஒரே ஒரு முக்காற்புள்ளியை இட்டு ட்ராப் ':' இன்ட் என்று எழுதினால் கதை மாறிவிடுகிறது. முக்காற்புள்ளி என்பது ஷெல்லில் ஒன்றும் செய்யாத கட்டளை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், இப்போது ஸ்கிரிப்ட் சிக்னலைப் புறக்கணிக்கவில்லை, பிடிக்கிறது. பிடிக்கப்படும் சிக்னல் அழைக்கப்படும் கட்டளைகளுக்கு இயல்பு நிலையில்தான் போய்ச் சேரும். ஆகவே டெயில் நிற்கும், மெனு பிழைக்கும். பெரும்பாலான மெனுக்களுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு எழுத்துதான்.

இதன் பிறகு வருவது மெனு காத்திருக்கும் தருணம். பாஷ் தன் வழக்கமான நிலையில் இருக்கும்போது, ரீட் நடுவே சிக்னல் வந்தால் கையாளி ஓடுகிறது. அது முடிந்ததும் ரீட் விட்ட இடத்திலிருந்து காத்திருப்பைத் தொடர்கிறது. வினவும் வரி மறுபடி அச்சாவதில்லை. பயனர் கண்ணுக்கு மெனுவிடமிருந்து எந்தப் பதிலும் தெரியாது. மெனு உறைந்துவிட்டதோ என்று அவர் ஐயப்படுவார். எளிய தீர்வு, கையாளியே ஒரு புது வரியையும் வினவும் வரியையும் அச்சிடுவது. பாஷைப் போசிக்ஸ் நிலைக்கு மாற்றினால் ரீட் 128க்கு மேற்பட்ட எண்ணோடு திரும்பும், மடக்கு தானாக மெனுவை மீண்டும் வரையும். ஆனால் அந்த நிலை வேறு பல நடத்தைகளையும் மாற்றிவிடுவதால், இந்த ஒன்றுக்காக மட்டும் அதை நாட நான் சொல்லமாட்டேன். மெனுவுக்கென்றே பாஷில் உள்ள செலக்ட் மடக்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் கையாளியில் வினவும் வரியை அச்சிடும் தேவை இருக்கிறது. அங்கே அது பிஎஸ்3 மாறியில் இருக்கும்.

இந்த வழியின் உண்மையான அபாயம் மூன்றாவது அளவுகோலில் ஒளிந்திருக்கிறது. காப்புப் பிரதி எடுக்கும் தேர்வு ஒன்று மூன்று படிகளில் அமைந்திருப்பதாகக் கொள்வோம்: டார் கொண்டு புதிய பிரதி எடுத்தல், அதை வேறு வட்டுக்கு நகலெடுத்தல், பழைய பிரதியை அழித்தல். டார் ஓடும்போது பயனர் கன்ட்ரோல்-சி அழுத்துகிறார். டார் இறக்கிறது. ஸ்கிரிப்டோ சிக்னலைப் பிடித்துவிட்டதால் இறக்கவில்லை; ஆகவே அடுத்த வரிக்குப் போகிறது, பாதிப் பிரதியை நகலெடுக்கிறது, பிறகு நல்ல நிலையில் இருந்த பழைய பிரதியை அழித்துவிடுகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் முதல் படியிலேயே எல்லாம் நின்றிருக்கும். பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒரு வரி இழப்பை உண்டாக்கும் இந்த நிலையைக் குறிப்பிடாமல் இந்த வழியைப் பரிந்துரைப்பது பொறுப்பான செயல் ஆகாது.

## பிடித்தலோடு துணைஷெல்லைச் சேர்த்தல்

மேற்சொன்ன அபாயத்துக்கான மருந்து வட்ட அடைப்புக்குறிகளில் இருக்கிறது. தாய் ஸ்கிரிப்டில் ட்ராப் ':' இன்ட் இருக்க, ஒவ்வொரு தேர்வுக்குரிய வேலையையும் வட்ட அடைப்புக்குறிக்குள் வைத்துத் துணைஷெல்லாக, அதாவது தனிச் செயல்முறையாக, ஓட்டினால், பிடிக்கப்பட்டிருந்த சிக்னல் துணைஷெல்லுக்குள் தானாக இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. டார் இறந்தால் துணைஷெல்லும் இறக்கும். மீதிப் படிகள் ஓடா. தாய் ஸ்கிரிப்ட் மட்டும் பிழைத்து மெனுவுக்குத் திரும்பும். துணைஷெல்லின் முடிவெண் 130 ஆக இருந்தால் ‘வேலை நடுவில் நிறுத்தப்பட்டது’ என்று பயனருக்குச் சொல்லவும் முடிகிறது. வேலைக்குரிய தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் ட்ராப்பைத் துணைஷெல்லுக்குள்ளேயே வைக்கலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

செலவு என்னவென்றால், துணைஷெல்லுக்குள் மாற்றிய மாறிகளும் அங்கே சென்ற கோப்புறையும் வெளியே வந்ததும் மறைந்துவிடும். பயனர் தேர்ந்தெடுத்த சர்வர் பெயரை நினைவில் வைப்பது போன்ற தேர்வுகளைத் துணைஷெல்லில் ஓட்ட முடியாது. அவற்றைத் தாய் ஸ்கிரிப்டிலேயே வைக்க வேண்டும். அவை பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிகிறவை என்பதால் இது பெரிய குறையாக எனக்குப் படவில்லை.

பின்னணியில் ஓடுபவை மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. ஸ்கிரிப்டில் உம்மைக்குறி (&) இட்டுப் பின்னணிக்கு அனுப்பும் கட்டளைகள், பணிக் கட்டுப்பாடு இல்லாத நிலையில், சிகின்டைப் புறக்கணித்தே தொடங்குகின்றன. ‘காத்திருக்கவும்’ என்று சுழலும் குறியைப் பின்னணியில் ஓட்டியிருந்தால், வேலை இறந்த பின்பும் அது மெனுவின் மேல் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் செயல்முறை எண்ணைக் குறித்துவைத்துத் துப்புரவுக் கையாளியில் கில் கட்டளையால் நிறுத்துவது தவிர வேறு வழி இல்லை.

கையாளியிலிருந்து ஸ்கிரிப்டையே முடிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு நுணுக்கங்கள். துப்புரவின் முதல் வரியில் சிக்னலைப் புறக்கணித்துவிட்டால், பொறுமையிழந்த பயனர் இரண்டாம் முறை அழுத்தும்போது ஆர்எம் நடுவில் இறக்காது. துப்புரவு முடிந்ததும் வெறுமனே 130 என்று எக்சிட் கொடுப்பதைவிட, ட்ராப் - இன்ட் என்று இயல்பு நிலையை மீட்டு, தன் செயல்முறை எண்ணுக்கே சிகின்டை அனுப்பிக்கொள்வது மேல். அப்போதுதான் இந்த ஸ்கிரிப்டை அழைத்த மேல் ஸ்கிரிப்டுக்கு இது சிக்னலால் இறந்தது என்பது தெரிந்து, அதுவும் நிற்கும்.

## முனையத்தையே மாற்றுதல்

எஸ்டிடிஒய் கட்டளையால் ஐசிக் என்னும் கொடியை அணைத்தால் முனைய இயக்கி சிக்னலே அனுப்பாது. கன்ட்ரோல்-சி என்பது 3 என்ற மதிப்புள்ள சாதாரண எழுத்தாக உள்ளே வரும். ஒற்றை விசையை எதிர்பார்க்கும் மெனுவில், அந்த விசைக்கும் ஒரு தேர்வைப் போலப் பொருள் கொடுக்க விரும்பினால் இது அழகான வழி. முழு வரியாக வாசிக்கும் மெனுவிலோ அந்த எழுத்து விடைக்குள் கலந்துவிடும் என்பதால் தொல்லைதான்.

அந்த ஒரு கொடியோடு கன்ட்ரோல்-இசட், கன்ட்ரோல்-பின்சாய்வு இரண்டும் சேர்ந்தே அணைகின்றன. மாற்றம் முனையத்தில் நிகழ்வதால், அழைக்கப்படும் வேலைகளுக்கும் அது பொருந்தும். நிற்காத டெயில் மறுபடி வந்துவிடும். ஒவ்வொரு வேலைக்கு முன்பும் முனையத்தை மீட்டு, முடிந்ததும் மீண்டும் மாற்ற வேண்டும். பழைய நிலையை எஸ்டிடிஒய்யின் ஜி விருப்பத்தால் சேமிக்காமல், அல்லது ஏதோ ஒரு பிழைப்பாதையில் மீட்காமல் ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டால், பயனரின் முனையம் மாறிய நிலையிலேயே நிற்கக்கூடும். எஸ்டிடிஒய் சேன் என்று கொடுத்து மீட்கத் தெரியாதவர் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பார். உள்ளீடு முனையத்திலிருந்து வராதபோது இந்தக் கட்டளையே பிழை தரும். சிக்னலை வேறு வழியில், அதாவது கில் கட்டளையால் அனுப்புகிறவரை இது தடுக்கவும் தடுக்காது.

## மெனுக் கருவிகள்

திரையில் பெட்டியாக மெனுவைக் காட்டும் டயலாக், விப்டெயில் ஆகியவற்றில் கைவிடும் பொத்தான் 1 என்றும் எஸ்கேப் விசை 255 என்றும் எண்ணைத் திருப்புகின்றன. பட்டியலில் தேடித் தேர்ந்தெடுக்க உதவும் எஃப்இசட்எஃப் கருவியில் எஸ்கேப், கன்ட்ரோல்-சி இரண்டுக்குமே 130 வருகிறது. இரண்டையும் பிரித்தறிய முடியாது. தேர்வுகள் நிறைய இருந்தால் இவை வசதியானவை. ஆனால் மெனு ஸ்கிரிப்டும் அதே முன்னணிக் குழுவில்தான் இருக்கிறது. ட்ராப் வைக்கும் பொறுப்பிலிருந்து இக்கருவிகள் யாரையும் விடுவிப்பதில்லை.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | மெனு காத்திருக்கும்போது | வேலை ஓடும்போது | மறைசெலவு |
|---|---|---|---|
| விட்டுவிடுதல் | ஸ்கிரிப்ட் முடியும் | வேலையும் ஸ்கிரிப்டும் முடியும் | டாஷில் எக்சிட் துப்புரவு ஓடாது |
| புறக்கணித்தல் | ஒன்றும் நடக்காது | வேலையும் நிற்காமல் போகலாம் | கீழே அழைக்கும் ஸ்கிரிப்டால் மீட்க முடியாது |
| பிடித்தல் மட்டும் | கையாளி ஓடும் | ஓடும் கட்டளை மட்டும் இறக்கும் | அடுத்த படிகள் தொடரும் |
| பிடித்தலும் துணைஷெல்லும் | கையாளி ஓடும் | வேலை முழுவதும் நிற்கும், மெனு திரும்பும் | மாறிகள் வெளியே வாரா |
| முனையத்தை மாற்றுதல் | எழுத்தாக உள்ளே வரும் | மீட்காவிட்டால் நிற்காது | முனையம் மாறிய நிலையில் எஞ்சலாம் |

## யாருக்கு எது

பலரும் பயன்படுத்தும் நிர்வாக மெனு என்றால் பிடித்தலும் துணைஷெல்லும் சேர்ந்த வழியையே தேர்ந்தெடுப்பேன். அதற்காகச் சேரும் வரிகள் ஐந்தாறுதான். ஒவ்வொரு வேலையும் ஒரே கட்டளையாக இருந்தால் துணைஷெல் இல்லாமல் பிடித்தல் மட்டும் போதும். ஸ்கிரிப்ட் டாஷிலும் ஓட வேண்டும் என்றால் சிக்னலின் பெயரை முன்னொட்டு இல்லாமல் இன்ட் என்றே எழுதுங்கள். முன்னொட்டோடு எழுதினால் பாஷ் ஏற்கும், டாஷ் ஏற்காது.

ஷெல் அனுமதி இல்லாத பயனருக்குத் தரும் மெனு தனி வகை. அங்கே ‘கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஷெல் கிடைத்துவிடுகிறது’ என்பதற்காகப் புறக்கணிப்பை நாடுகிறவர்கள் பூட்டைத் தவறான கதவில் போடுகிறார்கள். உள்நுழைந்ததும் ஷெல் வாசிக்கும் புரொஃபைல் கோப்பிலிருந்து மெனுவை அழைத்தால், மெனு தன் ட்ராப்பை அமைப்பதற்கு முந்தைய ஒரு கணத்தில் அழுத்தும் விசை போதும், ஷெல் வந்துவிடும். மெனுவைப் பயனரின் உள்நுழைவு ஷெல்லாகவே அமைத்தாலோ தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் சேவையகத்தில் ஃபோர்ஸ்கமாண்ட் என்னும் அமைப்பின் வழியாகக் கட்டாயப்படுத்தினாலோ, மெனு இறந்தாலும் அடியில் விழுவதற்கு ஷெல் இருக்காது. தொடர்பு துண்டிக்கப்படும், அவ்வளவுதான். மெனுவிலிருந்து திறக்கும் விஐ, லெஸ் போன்றவற்றுக்குள் ஆச்சரியக்குறியின் வழியாக ஷெல் கட்டளை ஓட்டும் வசதி இருப்பதையும் எந்த ட்ராப்பாலும் மூட முடியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு இடங்களில் விசையை அழுத்திப் பாருங்கள்: விடையைப் பாதி தட்டச்சு செய்த நிலையில், பல படி வேலையின் முதல் படியில், துப்புரவு ஓடும்போது அடுத்தடுத்து இருமுறை, மெனு அழைக்கும் இன்னொரு ஸ்கிரிப்டுக்குள். பிறகு உள்ளீடு முடிந்தது என்று சொல்லும் கன்ட்ரோல்-டியை ஒருமுறை அழுத்துங்கள், எப்போதும் காலியாக இருக்கும் டெவ்நல் கோப்பை உள்ளீடாகக் கொடுத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். கடைசிச் சோதனையைத் தொடங்கும் முன் இரண்டாவது முனையம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.